ஈறும் சோறும்



பயிரைப் பற்றிப் பேச வந்தவன் பல் ஈறைப் பற்றிப் பேசுகிறேனே என்று நினைக்க வேண்டாம். மயிலாப்பூரில் இருக்கும் என் பெரியப்பா, பல் துலக்கும்போது இரத்தம் கசிகிறதென்று பல் மருத்துவரிடம் போனார். ஈறுகளைப் பார்த்த மருத்துவர், இரத்தச் சர்க்கரையைச் சோதித்து வரச் சொன்னார். கூடுதலாகவே இருந்தது. நீரிழிவுக்காரருக்கு ஈறு நோய் எளிதில் வரும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரை கட்டுக்குள் நிற்காது.

பெரியப்பா இனிப்பைத் தொடாதவர். ஆனால் மூன்று வேளையும் பளபளவென்று தீட்டிய அரிசிச் சோறு. நம் தொழில் இங்கேதான் வருகிறது.

கோபாலபுரத்திலுள்ள சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர், எடை மிகுந்தவர்களுக்குத் தீட்டிய அரிசியையும் தீட்டாத அரிசியையும் ஐந்தைந்து நாட்கள் கொடுத்துப் பார்த்தனர். முடிவு 2014-இல் வெளியாயிற்று. தீட்டாத அரிசி உண்ட நாட்களில் சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைவு. பயறும் சேர்ந்தபோது இன்னும் சற்றுக் குறைந்தது.

வீட்டுக்கு அரைக்கும் நெல்லில் உமியை மட்டும் நீக்கித் தரும்படி ஆலையில் கேளுங்கள். தவிட்டில் எண்ணெய் உண்டு. நாளானால் சிக்கு வாடை வீசும். ஆகவே பதினைந்து நாளைக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். நன்கு ஊறவைத்துச் சமையுங்கள். தீட்டாத அரிசிதானே என்று இரண்டு தட்டு உண்டால் பயனில்லை! பல்லில் படிந்த காறையை மருத்துவர்தான் நீக்க வேண்டும். அதைச் சோறு செய்யாது.

பெரியம்மா முதலில் பாதிக்குப் பாதி கலந்துதான் வடித்தார். பேரப்பிள்ளைகள் முகம் சுளித்தது ஒரு வாரம்தான்.