பிள்ளை தேறவில்லை என்றால் யாரைக் கேட்பது?

(தேர்வு முடிவுகள் வந்தபின் பெருமுக்கல்லில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)

 

பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று நம் வீடுகளில் நடப்பது நமக்குத் தெரியாததல்ல. மார்க் குறைந்தால் அத்தா முதலில் அம்மாவைப் பார்க்கிறார்: "எல்லாம் நீ கொடுத்த செல்லம்." அம்மா செல்போனைச் சொல்கிறார். பெரியவர்கள் பள்ளிக்கூடத்தைச் சொல்கிறார்கள். சொந்தக்காரர் ஒருவர் போன் போட்டு, தன் மகன் வாங்கிய மார்க்கைச் சொல்லிவிட்டுத்தான் வைக்கிறார். பிள்ளை அறைக்குள் இருந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை.

நம் அறக்கட்டளை மீதும் தவறு இருக்கிறது. ஆண்டுதோறும் முதல் மூன்று பேரை மேடையேற்றிச் சால்வை போடுகிறோம். தவறிய பிள்ளைகளின் வீட்டு வாசலுக்கு நம்மில் ஒருவரும் போனதில்லை. இரண்டு பாடத்தில் தவறிய ஒரு பையன், ஜும்ஆவுக்கு நம் பள்ளிக்கு வர வெட்கப்பட்டு, மாதக்கணக்கில் பக்கத்து ஊருக்குப் போய்த் தொழுதிருக்கிறான். நமக்கு அது பிறகுதான் தெரிந்தது. முதலிடம், இரண்டாமிடம் என்று மாநில அளவில் அறிவிப்பதை அரசாங்கமே 2017-இல் நிறுத்திவிட்டது. நாம்தான் நிறுத்தவில்லை.

வெயிலில் உப்பளத்தில் நிற்பவரும், சவூதியில் இருந்து பணம் அனுப்புபவரும், "நான் படும் கஷ்டம் என் பிள்ளை படக்கூடாது" என்றுதான் நினைக்கிறார்கள். அந்த ஆசையில் குற்றமில்லை. ஆனால் டாக்டர், இன்ஜினியர் என்று நாமே முடிவு செய்தோம், பிள்ளையிடம் கேட்கவில்லை. கேட்காமல் ஏற்றிய சுமையை இறக்கி வைத்ததற்காகக் கோபப்படுகிறோம்.

2023 ஆகஸ்டில் சென்னை குரோம்பேட்டையில் நடந்ததைப் பலரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நீட் தேர்வில் நினைத்தது கிடைக்காத ஒரு மாணவர் உயிரை மாய்த்துக்கொண்டார். ஓரிரு நாளில் அவருடைய தந்தையும் அதே முடிவைத் தேடிக்கொண்டார். யார் மீது பழி போட்டு அந்த வீட்டை மீட்க முடியும்?

நூஹ் நபி (அலை) அவர்களின் மகன் கப்பலில் ஏறவில்லை. தந்தை கடைசி வரை அழைத்தார். "நூஹ் நபி வளர்த்த விதம் சரியில்லை" என்று நம்மில் யாராவது சொல்வோமா? பரீட்சையில் தவறுவதும் ஈமானில் தவறுவதும் ஒன்றென்று சொல்லவில்லை. பெற்றவரைக் குறை சொல்லும் நம் வழக்கத்துக்காகச் சொல்கிறோம். அனஸ் (ரலி) சிறுவராகப் போய்ப் பத்தாண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். ஏன் இதைச் செய்தாய், ஏன் அதைச் செய்யவில்லை என்று ஒரு நாளும் தம்மைக் கடிந்ததில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள்.

அப்படியானால் பிள்ளைக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. படிக்காவிட்டால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் காலாண்டுத் தேர்வில் கேட்க வேண்டியதை முடிவு வந்த அன்று கேட்டு என்ன பயன்? ரேங்க் கார்டில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர் நாம்தானே! கோடை மழையில் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்தால் மரக்காணத்தில் யாரும் பாத்தியைத் திட்டிக்கொண்டு நிற்பதில்லை. மழைத்தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி உப்புநீர் பாய்ச்சுகிறார்கள்.

தவறிய பாடத்தை அதே ஆண்டில் துணைத் தேர்வாக எழுதலாம். விண்ணப்பிக்கச் சில நாட்களே தருவார்கள். வீட்டுச் சண்டையில் அந்த நாட்கள் போய்விடக் கூடாது. ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பிள்ளை பேசாமல், சாப்பிடாமல் ஒடுங்கிக் கிடந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். இலவசம், இரவிலும் எடுப்பார்கள். மனநல உதவி கேட்பது பைத்தியக்காரப் பட்டம் அல்ல.

இந்த ஆண்டு சால்வைக்கு ஒதுக்கிய பணத்தைத் துணைத் தேர்வுக் கட்டணத்துக்கும் டியூஷனுக்கும் கொடுக்கிறோம். சிலருக்கு இதில் வருத்தம் இருக்கிறது, நேரில் பேசுவோம். ஒரு வாரத்துக்கு இஷாவுக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும். மார்க் ஷீட்டோடு வாருங்கள். அத்தா மட்டும் வர வேண்டாம். பிள்ளையையும் கூட்டி வாருங்கள், அவர் என்ன படிக்க நினைக்கிறார் என்று அவரிடமே கேட்டுக்கொள்கிறோம்.

வஸ்ஸலாம்.