உரிமமும் உறுதிமொழியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியத்திற்கென அமைந்த ஓர் அவையில் கணிப்பொறியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். நான் எடுத்துக்கொண்ட பொருள் பொறியைப் பற்றியதன்று. பொறிக்குள் இருக்கும் எழுத்தைப் பற்றியது. கணிப்பொறியை ஆளும் இயங்குதளம் என்பது மனிதர்கள் வரிவரியாக எழுதிய ஒரு நூல். அதைப் படிக்கலாம், பிழை திருத்தலாம், படியெடுக்கலாம், விரித்தும் எழுதலாம். படியெடுக்கும் உரிமை யாருக்கு, திருத்தத்தை ஏற்பவர் யார், காலத்தால் சிதையாமல் காப்பவர் யார் என்னும் வினாக்கள் சுவடிகளோடும் பதிப்புகளோடும் பழகிய நமக்குப் புதியன அல்ல. ஆகவே இந்த அவையில் அவற்றை எழுப்புவது தவறாகாது என்று கருதுகிறேன்.

1983-ஆம் ஆண்டு அமெரிக்க நிரலாளர் ரிச்சர்டு ஸ்டால்மன், எவரும் பயன்படுத்தவும் பயிலவும் மாற்றவும் பகிரவும் கூடிய ஓர் இயங்குதளத்தை எழுதப்போவதாக அறிவித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் க்னூ. 1991-இல் பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டார்வால்ட்ஸ், இயங்குதளத்தின் கருவாகிய பகுதியை எழுதி வெளியிட்டார். அதுவே லினக்ஸ். மறு ஆண்டு அவர் அதனை ஸ்டால்மன் வகுத்த க்னூ பொது உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார். அந்த இரண்டும் சேர்ந்ததன் பயனை இன்று உலகம் நுகர்கிறது. 2017 நவம்பரில் வெளியான பட்டியலில், உலகின் முதல் 500 மீக்கணினிகளும் ஒன்றுவிடாமல் லினக்ஸில் இயங்கின. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உட்கருவும் அதுவே.

இவ்வகை மென்பொருளை ‘இலவசம்’ என்று சொல்லிவிடுகிறோம். அச்சொல் போதாது. விலையின்மை அதன் விளைவுகளுள் ஒன்று, இயல்பு அன்று. ‘கட்டற்ற மென்பொருள்’ என்னும் தமிழ்ச் சொல்லே அதன் இயல்பைச் சரியாகச் சுட்டுகிறது.

க்னூ பொது உரிமத்தின் நுட்பத்தை நாமறிந்த ஓர் ஒப்புமையால் விளக்கலாம். 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதியாரின் படைப்புரிமையைப் பெற்றது. பின்னர் அதனை மக்களுக்குப் பொதுவாக்கியது. நாட்டுடைமையான நூலை எவரும் அச்சிடலாம். அச்சிட்டவர் அதனோடு தாம் எழுதிச் சேர்த்த உரையையும் குறிப்பையும் தமக்கே உரியனவாக வைத்துக்கொள்ளவும் செய்யலாம். க்னூ உரிமம் இதனின்று வேறுபட்டது. அது படைப்புரிமையைத் துறப்பதில்லை. படைப்புரிமையைக் கொண்டே ஒரு நிபந்தனை விதிக்கிறது. ‘நீ இதை மாற்றி மற்றவர்க்கு வழங்குவாயாயின், உன் மாற்றத்தின் மூலத்தையும் இதே உரிமையோடு அவர்க்கு வழங்கு’ என்பதே அந்த நிபந்தனை. பொதுவில் இருந்து எடுத்தது பொதுவிற்கே திரும்ப வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இனி, ஒரு செய்திக்கு வருவோம். 2018 அக்டோபரில், ரெட் ஹேட் என்னும் நிறுவனத்தை ஐ.பி.எம். நிறுவனம் 3,400 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. 2019 ஜூலையில் அது நிறைவேறியது. செய்தியேடுகள் தொகையின் பெருமையைப் பேசின. எனக்குத் தோன்றும் வினா வேறு. ரெட் ஹேட் விற்பது லினக்ஸ் இயங்குதளம். அதன் மூலமோ எவரும் படியெடுக்கத் தக்கது. எவரும் படியெடுக்கத் தக்க ஒன்றை விற்பவனிடம் அத்தனை பணம் கொடுத்து வாங்குவதற்கு என்ன இருக்கிறது?

உறுதிமொழி இருக்கிறது, அதுவே விடை. ஆயிரக்கணக்கான மென்பொருள்களை ஒன்றோடொன்று பொருந்தச் செய்து, சோதித்து, ஒரு பதிப்பாக வெளியிட்டு, ‘இதனைப் பத்தாண்டுக் காலம் பிழைதிருத்திக் காத்துத் தருவோம்’ என்று அந்நிறுவனம் வாக்களிக்கிறது. வங்கியும் மருத்துவமனையும் தொழிற்சாலையும் ஆண்டுச் சந்தா செலுத்துவது அந்த வாக்கிற்காகத்தான். நிரல் பொது, வாக்கு விலைக்குரியது. இந்த ஏற்பாட்டில் குறைகூற ஒன்றுமில்லை.

சந்தா செலுத்த இயலாதவர்க்கும் ஒரு வழி பிறந்தது. ரெட் ஹேட் பொதுவில் வெளியிட்ட மூல நிரலை எடுத்து, அதன் வணிகப் பெயரையும் சின்னத்தையும் நீக்கி, மீண்டும் தொகுத்துச் சென்ட்ஓஎஸ் என்னும் பெயரில் 2004 முதல் தன்னார்வலர் சிலர் வழங்கலாயினர். பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் சிறு நிறுவனங்களும் தங்கள் சர்வர்களை அதில் இயக்கின. 2014-இல் ரெட் ஹேட் நிறுவனமே சென்ட்ஓஎஸ் திட்டத்தைத் தன் அரவணைப்பில் ஏற்றது. அதனைப் பேணியோர் சிலர் அந்நிறுவனத்தின் ஊழியராயினர். பலரும் மகிழ்ந்தனர்.

2019 செப்டம்பரில் சென்ட்ஓஎஸ் 8 வெளிவந்தது. 2029 வரை அதற்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்று நம்பிப் பலர் தங்கள் பொறிகளை அதற்கு மாற்றினர். 2020 டிசம்பர் 8-ஆம் நாள் ஓர் அறிவிப்பு வந்தது: 2021 முடிவோடு சென்ட்ஓஎஸ் 8 நிறுத்தப்படும், இனிச் ‘சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம்’ மட்டுமே தொடரும். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைப் பதிப்புத் துறையினர் எளிதில் உணர்வர். பழைய சென்ட்ஓஎஸ் வெளியான பதிப்பின் நேர்படி. ஸ்ட்ரீம் என்பதோ அடுத்த பதிப்பு அச்சேறுமுன் எடுக்கும் மெய்ப்புப் படியைப் போன்றது. பயனற்றது என்று அதைச் சொல்லமுடியாது. ஆயினும் நேர்படியை நம்பியிருந்தவர்க்கு மெய்ப்புப் படி ஈடாகாது.

இதனால் பாதிக்கப்பட்டோர் யாரென எண்ணுங்கள். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகமும் அமெரிக்காவின் பெர்மி ஆய்வகமும் துகள் இயற்பியல் ஆராய்ச்சிக்காகச் சயன்டிபிக் லினக்ஸ் என்னும் தங்கள் சொந்தத் தொகுப்பைப் பேணிவந்தன. 2019 ஏப்ரலில், அதன் அடுத்த பதிப்பை வெளியிடாமல், சென்ட்ஓஎஸ் 8-ஐயே ஏற்கப்போவதாகப் பெர்மி ஆய்வகம் அறிவித்தது. ஒரே வேலையை இரண்டு இடங்களில் செய்வது வீண் என்று கருதியிருத்தல் இயல்பே. இருபது மாதங்களுக்குள் அந்த ஊன்றுகோல் எடுக்கப்பட்டது.

அடுத்து நிகழ்ந்ததில் கட்டற்ற உரிமத்தின் வலிமையைக் காண்கிறோம். அறிவிப்பு வந்த சில நாள்களுக்குள், சென்ட்ஓஎஸ் தொடக்கத்தில் பங்குகொண்ட கிரெகரி குர்ட்சர், ராக்கி லினக்ஸ் என்னும் புதுத் திட்டத்தை அறிவித்தார். மறைந்துவிட்ட தம் பழைய தோழர் ராக்கி மெக்காவின் நினைவாக அப்பெயரை இட்டார். நடுகல் நாட்டிப் பழகிய மரபினராகிய நமக்கு அச்செயலின் பொருள் விளங்கும். கிளவுட்லினக்ஸ் என்னும் நிறுவனம் ஆல்மாலினக்ஸ் திட்டத்தைத் தொடங்கி, அதனை இலாப நோக்கற்ற ஓர் அறநிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2021-இலேயே இரண்டும் வெளிவந்தன. 2022 டிசம்பரில் செர்னும் பெர்மி ஆய்வகமும் ஆல்மாலினக்ஸைத் தேர்ந்தன. மூலம் பொதுவில் இருந்தமையால், வாக்கு முறிந்தபோதும் நூல் அழியவில்லை. மூடிய மென்பொருளுக்கு இது நேர்ந்திருப்பின், செய்தவன் கைவிட்ட அன்றே பயனர் கதியற்றுப் போயிருப்பர்.

கதை அத்துடன் முடியவில்லை. 2023 ஜூன் திங்களில் ரெட் ஹேட் மற்றோர் அறிவிப்பை வெளியிட்டது. அதன் வணிகப் பதிப்பின் மூலம் இனிப் பொதுவில் வைக்கப்படாது; ஸ்ட்ரீம் மட்டுமே பொதுவில் இருக்கும்; வணிகப் பதிப்பின் மூலத்தைச் சந்தாதாரர் பெறலாம் என்றது. உரிமத்திற்கு இது முரணன்றோ என்று கேட்கத் தோன்றும். உரிமத்தை நிதானமாகப் படித்தால் ஒன்று தெளிவாகும். நிரலைப் பெற்றவர்க்கு மூலத்தை வழங்கவேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஊரார் அனைவரும் காண வாயிலில் வைக்கவேண்டும் என்பது அன்று. பெற்றவர் பிறர்க்கு அளிக்கலாம் என்பதும் உரிமத்தில் உண்டு. ஆனால் அவ்வாறு அளிப்பவரின் சந்தாவை முடித்துக்கொள்ள நிறுவனத்தின் ஒப்பந்தம் இடந்தருகிறது. இது உரிமத்தின் உணர்வுக்கு ஒத்ததா என்பதில் துறையறிந்தோரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. எழுத்திற்கு ஒத்ததாகவே இருக்கலாம்; உணர்விற்கு ஒத்ததன்று என்பது என் துணிபு. வைத்திருக்கும் உரிமையைப் பயன்படுத்தினால் உறவு முறியும் என்ற நிலையில், அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

எனினும் எதிர்த்தரப்பின் நியாயத்தையும் எடைபோடாமல் தீர்ப்புரைத்தல் முறையன்று. லினக்ஸ் கருவிலும் அதனைச் சூழ்ந்த மென்பொருள்களிலும் அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பெரும்பணி ஆற்றிவருகின்றனர். லினக்ஸ் திரையில் தமிழைக் காட்டும் லோகித் எழுத்துரு, கட்டற்ற உரிமத்தோடு அதே நிறுவனம் வெளியிட்ட கொடைதான். அப்பொறியாளர்க்கு ஊதியம் வருவது சந்தாவிலிருந்து. படியெடுப்போர் அனைவரும் வறியவர் என்றும் சொல்வதற்கில்லை. ஆரக்கிள் என்னும் பெருநிறுவனம் 2006 முதல் அதே மூலத்தினின்று தன் பெயரில் ஒரு தொகுப்பை வெளியிட்டு, அதற்குத் தானே ஆதரவு விற்றுவருகிறது. உழுதவன் ஒருவன், அறுப்பவன் வேறொருவன் என்னும் மனக்குறைக்கு இடமுண்டு. 2021 தொடக்கத்தில் 16 பொறிகள் வரை கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று ரெட் ஹேட் அறிவித்ததையும் மறைக்கக் கூடாது. ஆயின் குறை உரையாடலால் தீர்க்கத் தக்கது. இடைவழியில் வாக்கை மாற்றியதால் நேர்ந்த நம்பிக்கையிழப்போ, எளிதில் ஈடுசெய்ய இயலாதது.

நிறுவனமே வேண்டாம், தன்னார்வலரே போதும் என்று முடிவு கட்டலாமா? அதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்னும் சிறு மென்பொருள் ஏறக்குறைய எல்லா லினக்ஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. அதனை நெடுங்காலம் பேணியவர் பெரும்பாலும் ஒரே ஒருவர்; அதுவும் ஊதியமின்றி. களைத்திருந்த அவரிடம் உதவிக்கரம் நீட்டி ஒருவர் வந்தார். ஈராண்டுக்கும் மேலாக நல்ல திருத்தங்களை அளித்து நம்பிக்கை பெற்றார். பொறுப்பைப் பகிர்ந்து கொடுக்குமாறு வேறு சில முகமறியாப் பெயர்கள் மூத்தவரை நெருக்கின. இறுதியில் புதியவர் அம்மென்பொருளுக்குள் ஒரு கள்ளவழியை மறைத்து வைத்தார். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் பிராயிண்டு என்னும் பொறியாளர் அதனை வெளிப்படுத்தினார். தொலைவிலிருந்து பொறிக்குள் நுழையும்போது ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கண்டு, காரணம் தேடியதால் அது சிக்கியது. கள்ளவழி கொண்ட பதிப்புகள் பெரும்பாலும் சோதனைத் தொகுப்புகளை மட்டுமே எட்டியிருந்தன. அனைவரும் படிக்கத் திறந்திருந்தமையால் காரணத்தைத் தேடிக் காண முடிந்தது என்பது உண்மை. அனைவரும் படிக்கத் திறந்திருந்தும் அதுவரை அதனை ஊன்றிப் படித்தவர் இல்லை என்பதும் உண்மை.

இந்த இரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்கிறேன். ஒன்றில் காப்பாளராகிய நிறுவனம் வாக்கை மாற்றியது. மற்றொன்றில் காப்பாளராகிய தனிமனிதர் துணையின்றித் தளர்ந்தார். இரண்டிலும் உரிமத்தில் குறையில்லை. உரிமம் நிரலைக் காக்கும்; உறுதிமொழியைக் காக்க உரிமத்தால் ஆகாது. அதற்கு அமைப்பு வேண்டும். பகிர்ந்த உழைப்பு வேண்டும். 1993-இல் தோன்றிய டெபியன் இதற்கு நல்ல சான்று. அது 1997-இல் பயனர்க்கு அளிக்கும் கடப்பாட்டை ஒரு சமூக ஒப்பந்தமாக எழுதிவைத்தது. மறு ஆண்டு தனக்கென ஓர் அமைப்புவிதியை ஏற்றது. ஆண்டுதோறும் தன் தலைவரை உறுப்பினர் வாக்கால் தேர்கிறது. விற்கவோ வாங்கவோ அங்கு ஒரு முதலாளி இல்லை. குறைகளும் தாமதங்களும் அங்கும் உண்டு. ஆயினும் ஒரே இரவில் எவரும் அதன் போக்கை மாற்றிவிட இயலாது.

ஆகவே கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தும் கல்லூரியோ அலுவலகமோ நூலகமோ, ‘விலை இல்லையே’ என்று மகிழ்வதோடு நில்லாமல் மூன்று வினாக்களைக் கேட்கவேண்டும். இதனைக் காப்பவர் யார்? அவர் அளித்த வாக்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? அதில் நம் பங்கு என்ன? பங்கு என்பது பணமாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. பிழையைக் கண்டு முறையாக அறிவிப்பது, விளக்கக் குறிப்பு எழுதுவது, இடைமுகத்தைத் தமிழில் பெயர்ப்பது, பெயர்த்ததைச் சரிபார்ப்பது ஆகிய யாவும் பங்கே. ஏரி ஊருக்குப் பொது என்பதால் கரை தானே நிற்பதில்லை. நீர் பாய்ச்சுவோர் ஆண்டுதோறும் கூடி மண் சுமந்ததைத்தான் நம் முன்னோர் குடிமராமத்து என்றனர். மண் சுமக்க ஆளில்லாத இடத்தில் ஏரியின் பெயர் மட்டுமே மிஞ்சும்.

பத்தாண்டு என்பது ஒரு வணிக நிறுவனம் பணம் பெற்றுக்கொண்டு அளிக்கும் உறுதிமொழியின் நீளம் என்று முன்னர்ச் சொன்னேன். இந்த வட்டம் எவரிடமும் சந்தா விற்காமல் அதே பத்தாண்டைக் கடந்து நிற்கிறது. கூட்டத்திற்கு இருக்கை போட்டவரும், அழைப்பிதழ் எழுதியவரும், மெய்ப்புத் திருத்தியவரும், மழை நாளிலும் வந்து அமர்ந்து கேட்டவரும் சேர்ந்து சுமந்த மண்ணே இதன் கரை. அந்தப் பழக்கம் உள்ள இடத்தில்தான் பொதுச் சொத்து நிலைக்கும். அது நூலானாலும் நிரலானாலும் சரி.