பனியாறும் வழிகாட்டியும்



சிங்கப்பெருமாள் கோவிலில் வசிப்பவன் பனிக்கட்டியைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்குச் சற்று வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் ஊரில் சித்திரை வெயிலில் பாறைமேல் கால் வைக்க முடியாது. எங்களுக்கு உள்ள மலையும் சிறு குன்றுதான். அதைக் குடைந்து பல்லவர் காலத்தில் எழுந்த குகைக் கோவிலில் நரசிம்மப் பெருமாள் வீற்றிருக்கிறார். மூலவர் பாறையோடு பாறையாக இருப்பதால், அவரை வலம்வர விரும்புவோர் அந்தக் குன்றையே சுற்றி வரவேண்டும். குன்றின் பின்புறம் நின்று பார்த்தால், ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் தெரியும்.

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். அவர் இப்போது ஐரோப்பாவில் பொறியாளராக இருக்கிறார். பிரான்ஸ் நாட்டு ஷாமோனியிலிருந்து சுவிட்சர்லாந்து நாட்டுச் செர்மாட் வரையில், ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளைக் கடந்து செல்லும் பிரயாணம் ஒன்றை மேற்கொண்டதாகச் சொன்னார். பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘ஓத் ரூட்’, அதாவது ‘மேல்வழி’ என்று பெயர். மோன் பிளாங்க் சிகரத்தின் அடியில் தொடங்கி மேட்டர்ஹார்ன் சிகரத்தின் அடியில் முடிவது. ஏறத்தாழ 120 கிலோமீட்டர். ஆறு அல்லது ஏழு நாள் பிரயாணம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மலையேறிகள் கோடையில் கால்நடையாகக் கண்டுபிடித்த வழி இது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு பனிக்காலத்திலும் கடக்கத் தொடங்கினார்கள். இப்போது மார்ச்சு நடுவிலிருந்து மே தொடக்கம் வரையில் வழிகாட்டிகளோடு பலர் செல்கிறார்கள். இரவில் மலைவிடுதிகளில் தங்குவார்கள்.

பனியாறு என்பது என்ன? மலையுச்சியில் ஆண்டுதோறும் விழும் பனி, தன் பாரத்தாலேயே இறுகிக் கட்டியாகி, மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நகர்வதே பனியாறு. கண்ணுக்கு அசைவற்றுத் தோன்றினாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சரிவிலும் வளைவிலும் ஓடும்போது பனிக்கட்டி வளைந்து கொடுக்காமல் வெடிக்கும். அந்த வெடிப்புகள் பனைமர ஆழத்துக்கும் இருக்கலாம். குளிர்காலத்தில் புதுப்பனி விழுந்து அவற்றின் வாயை மூடிவிடும். மேலே பார்த்தால் வெள்ளை வேட்டி விரித்தாற்போல் இருக்கும், கீழே வெறுமை. இத்தகைய மூடிகளுக்குப் ‘பனிப்பாலம்’ என்று பெயர்.

இதன்மேல் நடப்பதைவிடச் சறுக்குப் பலகைகளில் செல்வதே நல்லது. நீண்ட பலகை உடலின் பாரத்தைப் பரப்பிவிடுகிறது, கால் புதைவதில்லை. சரிவில் இறங்கப் பலகை உதவும். ஏறுவது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். பலகையின் அடியில் ஒரு பட்டையை ஒட்டிக்கொள்கிறார்கள். முன்னாளில் அது கடல்நாய்த் தோலால் ஆனது. இந்நாளில் செயற்கை இழையாலும் ஆட்டு உரோமத்தாலும் நெய்யப்படுகிறது. பூனையின் முதுகை நீங்கள் தடவிப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும்; எதிர்ப்பக்கமாகத் தடவினால் தடுக்கும். அந்தப் பட்டையின் மயிரும் அவ்வாறே பலகையை முன்னே வழுக்கவிடும். பின்னே வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். ஏறும்போது குதிகால் தளர்ந்திருக்கும். உச்சியை அடைந்ததும் பட்டையை உரித்து மடித்து, குதிகாலைப் பூட்டிக்கொண்டு இறங்குவார்கள்.

பிளவுகள் மிகுந்த இடங்களில் அனைவரும் ஒரே கயிற்றில் இடைவெளி விட்டுப் பிணைத்துக்கொள்வார்கள். ஒருவர் விழுந்தால் மற்றவர் தாங்கவேண்டும். ஒவ்வொருவர் மார்பிலும் சமிக்ஞை அனுப்பும் சிறு கருவி ஒன்று இருக்கும். முதுகில் மண்வாரியும் துழாவுகோலும் இருக்கும். பனிச்சரிவில் ஒருவர் புதைந்தால், அந்தச் சமிக்ஞையைக் கொண்டு இடத்தைக் கண்டு உடனே தோண்டவேண்டும். முதற் பத்து நிமிஷங்களுக்குள் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரைமணி கழிந்தால் நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். ஆகையால், தினமும் காலையில் புறப்படுமுன் வழிகாட்டி ஒவ்வொருவர் கருவியையும் சோதிக்கிறார். நேற்று வேலை செய்தது என்ற பதிலை அவர் ஏற்பதில்லை.

என் மாணவர் ஐந்து நாள் இவ்வாறு சென்று, 3,157 மீட்டர் உயரத்தில் பாறை முனையில் நிற்கும் வின்யெட் விடுதியை அடைந்தார். மறுநாளே கடைசி நாள். மூன்று கணவாய்களைக் கடந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால், மேட்டர்ஹார்னின் நிழலில் செர்மாட்டில் போய் இறங்கலாம். விடியுமுன், பனி இறுகியிருக்கும்போதே புறப்பட வேண்டும். நான்கு மணிக்கு எழுந்து அனைவரும் ஆயத்தமானார்கள். வழிகாட்டி வெளியே சென்றார், காற்றைக் கவனித்தார், கோலால் பனியைக் குத்திப் பார்த்தார். உள்ளே வந்து, “இன்று செர்மாட் இல்லை, அரோலா கிராமத்துக்கு இறங்குகிறோம்” என்று சொல்லிவிட்டார்.

“வானத்தில் நட்சத்திரங்கள் தெரிந்தன, ஐயா. எங்களில் ஒருவருக்கும் மனம் ஒப்பவில்லை. ஒரு வருஷம் சேர்த்த பணம். கெஞ்சி வாங்கிய விடுமுறை. அன்று மாலைவரை வானம் தெளிவாகவே இருந்தது. ‘நாம் போயிருக்கலாமே’ என்று அவரிடம் கேட்டேன். ‘போயிருக்கலாம், தவறித் திரும்பினால் ஒரு நாள் போகும், தவறி முன்னே சென்றால் எல்லா நாளும் போகும்’ என்றார்” என்று மாணவர் சொன்னார்.

அந்த வழிகாட்டி இதை எங்கே கற்றார்? அவர் தொழிலின் சரித்திரமே அதைக் கற்பித்திருக்கிறது. 1820ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஹாமெல் என்ற ருஷ்ய நாட்டு அறிஞர் ஷாமோனி வழிகாட்டிகளோடு மோன் பிளாங்க் ஏறச் சென்றார். இடையில் வானிலை கெட்டது. திரும்பிவிடலாம் என்று வழிகாட்டிகள் தயங்கினார்கள். ஏறியே தீரவேண்டும் என்றார் அவர். கூலி கொடுப்பவரின் சொல்லே வென்றது. மேற்சரிவில் பனி சரிந்து மூன்று வழிகாட்டிகளைப் பிளவுக்குள் தள்ளி மூடிவிட்டது. மறு ஆண்டு, 1821இல், ஷாமோனி வழிகாட்டிகள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அது இன்றளவும் இருக்கிறது. பனியாறு தான் விழுங்கியவர்களை மறக்கவில்லை. 1861இல், ஏறக்குறைய 41 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர்களின் எச்சங்களைப் போசோன் பனியாற்றின் கீழ்ப்பகுதியில் கொண்டுவந்து சேர்த்தது.

வழிகாட்டி உடனிருந்தால் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடவும் கூடாது. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில், இதே மேல்வழியில் பின் தரோலா சிகரத்தின் அருகே, 14 பேர் புயலில் சிக்கினார்கள். வின்யெட் விடுதி ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தில் இருந்தும், வழி தெரியாமல் இரவு முழுவதும் வெட்டவெளியில் கழித்தார்கள். ஏழு பேர் உயிர் துறந்தனர். அவர்களுள் வழிகாட்டியும் ஒருவர். புயல் வந்த பிறகு திரும்புவதற்கு வழி இருப்பதில்லை. திரும்பும் காலம் அதற்கு முன்பே, வானம் தெளிவாக இருக்கும்போதே வந்துபோய்விடுகிறது.

திரும்புவது கோழைத்தனம் என்று நினைக்கும் இளைஞர்கள், நம் நாட்டவர் செய்ததைக் கேளுங்கள். 1960இல் பிரிகேடியர் கியான் சிங் தலைமையில் முதல் இந்தியக் குழு எவரெஸ்டுக்குச் சென்றது. நரேந்திர குமார், சோனம் கியாட்ஸோ, நவாங் கோம்பு ஆகிய மூவர், உச்சிக்கு ஏறத்தாழ 200 மீட்டர் கீழே வரை சென்றுவிட்டார்கள். கடுங்காற்று எழுந்தது. உச்சியைக் கண்முன் வைத்துக்கொண்டு மூவரும் திரும்பினார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1965இல், எம். எஸ். கோலி தலைமையில் சென்ற குழுவில் ஒன்பது பேர் எவரெஸ்டின் உச்சியில் நின்றனர். அவர்களுள் கோம்புவும் கியாட்ஸோவும் இருந்தார்கள். 1963இலேயே அமெரிக்கக் குழுவோடு உச்சியை அடைந்திருந்த கோம்பு, எவரெஸ்டை இருமுறை ஏறிய முதல் மனிதரானார். மூன்றாமவரான குமார், அக்குழுவின் துணைத் தலைவர். பனிக்கடியால் கால்விரல்கள் சிலவற்றை இழந்தவர். அவரது தலைமையில் சென்ற குழு 1976இல் 7,120 மீட்டர் உயரமுள்ள திரிசூல் சிகரத்திலிருந்து பனிச்சறுக்கில் இறங்கியது. 1978இலும் 1981இலும் சுமார் 75 கிலோமீட்டர் நீளமுள்ள சியாச்சின் பனியாற்றுக்கு அவர் பிரயாணங்களை நடத்தினார். 1960இல் அவர் திரும்பாதிருந்தால் இவற்றுள் எது நடந்திருக்கும்?

கர்னல் குமார் 2020 டிசம்பர் 31இல் மறைந்தார். அடுத்த மார்ச்சு மாதம் பத்தாம் நாள், இந்திய இராணுவத்தின் பனிச்சறுக்குக் குழு ஒன்று காரகோரம் கணவாயிலிருந்து புறப்பட்டது. 5,000 முதல் 6,500 மீட்டர் வரை உயரமுள்ள கணவாய்களையும் பனியாறுகளையும் தாண்டி, 119 நாட்களில் 1,660 கிலோமீட்டர் கடந்து, 2021 ஜூலை 6இல் உத்தராகண்டத்தின் மலாரி கிராமத்தை அடைந்தது. ஆல்ப்ஸ் மேல்வழியைப்போல் இது பன்னிரண்டு மடங்குக்கும் மேற்பட்ட தூரமாகும்.

என் மாணவர் விடைபெறும்போது ஒன்று சொன்னார்: “அரோலாவுக்கு இறங்கும்போது எனக்கு நம் ஆட்டுக்காரத் தாத்தாவின் நினைவு வந்தது, ஐயா.”

அவர் எதைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளாக நான் மேடையில் பேசாத விஷயம் அது. இன்று பேசவேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் செங்கற்பட்டு வட்டாரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகள் பல உண்டு. கல்லை வெட்டி எடுத்த பின், அந்தப் பெரும் பள்ளங்களில் மழைநீர் தேங்கிப் பச்சை நிறத்தில் அமைதியாகக் கிடக்கும். நான் அப்போது ஆசிரியன். பாறை வகைகளைக் காட்டுவதற்காக ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை ஒரு சனிக்கிழமை அத்தகைய குவாரிக்கு அழைத்துச் சென்றேன். முந்தின நாள் நல்ல மழை. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “வாத்தியார் ஐயா, அந்தக் கரைப்பக்கம் போகவேண்டாம். மழைக்குப் பிறகு மண் தாங்காது. திரும்பிவிடுங்கள்” என்றார்.

நான் பட்டம் பெற்றவன். ஆசிரியப் பயிற்சி பெற்றவன். அவரோ எழுத்தறியாதவர். நாற்பது பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில் ஓர் ஆட்டிடையர் சொல்லித் திரும்புவதா என்று என் மனம் எண்ணிற்று. “பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லி மேலே நடந்தேன். மேலே புல் முளைத்திருந்த கரை, உள்ளே மழைநீர் அரித்து வெறுமையாக இருந்தது. ஒரு பையன் காலடியில் அது இடிந்தது. அவன் நீருக்குள் போய்விட்டான். எனக்கு நீந்தத் தெரியாது. அந்தப் பெரியவர்தாம் ஓடிவந்து, தோளில் கிடந்த கயிற்றை வீசி, இரு மாணவர்களைப் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அவனை இழுத்து எடுத்தார்.

பையன் பிழைத்தான். பெரியவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. கயிற்றைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு ஆடுகளைத் தேடிப் போய்விட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை என்பது அன்றிரவுதான் நினைவுக்கு வந்தது. மறுவாரம் தேடிச் சென்றேன், காணவில்லை.

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது நம் பழமொழி. அதை நான் வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறேன். ஆனால், ஆழம் தெரிந்தவர் ஒருவர் அருகில் நின்று சொல்லும்போது கேட்கவேண்டும் என்ற மறுபாதியை அந்தக் கரையில்தான் கற்றேன். ஷாமோனி வழிகாட்டி சான்றிதழ் பெற்றவர். எங்கள் பெரியவர் பெறாதவர். இருவரும் அந்தந்த நிலத்தைத் தினமும் மிதித்து அறிந்தவர்கள். வழிகாட்டி என்பவரை உடையாலோ படிப்பாலோ அடையாளம் காணமுடியாது. நிலத்தை அறிந்தவரே வழிகாட்டி.

மாணவர்களே, உங்களில் பலர் ஆல்ப்ஸ் மலைக்குப் போகாமலிருக்கலாம். ஆனால், கோடை விடுமுறையில் நண்பர்கள் குவாரிக் குட்டைக்கு அழைப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் அத்தகைய நீரில் பிள்ளைகள் மூழ்கிய செய்தியை நாம் பத்திரிகையில் படிக்கிறோம். நாளை உங்களில் சிலர் ஒரகடத்துத் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நிற்பீர்கள். “ஏதோ சரியில்லை, நிறுத்துங்கள்” என்று அனுபவமுள்ள தொழிலாளி ஒருவர் சொல்வார். அப்போது நாற்பது முகங்கள் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த வேளையில் வெட்கப்படாமல் நின்று, தேவையானால் திரும்பி வாருங்கள்.

என் மாணவர் இந்த ஆண்டு மீண்டும் வின்யெட் விடுதிக்குப் போகப்போவதாக எழுதியிருக்கிறார். அதே வழிகாட்டியோடுதானாம்.