காரணம் எழுதாத நிரல்



1996 ஜூன் 4-ஆம் நாள், ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்தில் ஒரு நிமிடம்கூட நிறைவதற்குள் வெடித்துச் சிதறியது. 4 ஆய்வுத் துணைக்கோள்களும் அழிந்தன.

அதன் திசையறி கருவியில் இயங்கியது ஏரியான் 4-இன் மென்பொருள். பழுதான பகுதி, புதிய ராக்கெட் புறப்பட்ட பிறகு தேவையே இல்லாதது. வேகம் கூடியதும் ஓர் எண் அளவு மீறியது, கருவி நின்றது. ஆபத்துள்ள 7 எண்களில் 4-க்கே பாதுகாப்பு இருந்தது. மூன்றை ஏன் விட்டார்கள்? நிரலில் காரணம் குறிக்கப்படவில்லை என்றது விசாரணைக் குழு.

தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை ஆகிய நான்கையும் இணைக்கும் குறிப்பு அறுந்துவிடக் கூடாது. இந்த வரி எதற்காக என்று பின்னால் வருபவர் தேடிக் காண வேண்டும். தேவை மாறும்போது எதை நீக்குவது, எதை மீண்டும் சோதிப்பது என்பது அப்போதுதான் தெரியும்.