பன்னிரண்டு பால ஆழத்தில் ஒரு தகப்பன்



ஜொகூர் பாலத்தின் நீளம் இங்கே எல்லாருக்கும் தெரியும். ஒரு கிலோமீட்டரும் கொஞ்சம் கொசுறும். அந்தப் பாலத்தைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் தலைமேல் இன்னொன்று, அதற்கும் மேலே இன்னொன்று. இப்படிப் பத்துப் பாலங்களை அடுக்கினாலும், பசிபிக்கின் மரியானா அகழியின் அடியிலிருந்து கடல்மட்டத்தை முழுசாக எட்ட முடியாது.

கனடா எழுத்தாளர் கிரேக் டேவிட்சனுக்கு அந்த ஆழமும் போதவில்லை. நிக் கட்டர் என்ற புனைபெயரில் 2015இல் அவர் வெளியிட்ட 'தி டீப்' நாவலில், எட்டு மைலுக்குக் கீழே, ஏறக்குறையப் பன்னிரண்டு பால ஆழத்தில், ஓர் ஆய்வுக்கூடத்தையே கட்டிவிட்டார். உலகத்தில் அவ்வளவு ஆழமான கடலே கிடையாது. போகட்டும், கதைதானே!

உலகமெங்கும் ஒரு மறதி நோய் பரவுகிறது. முதலில் சாவியை வைத்த இடம் மறக்கும். பிறகு மூச்சு விடுவதே மறந்துபோகும். அதற்கு மருந்தாகக்கூடிய ஒரு பொருள் கடலடியில் இருக்கிறதாம். அதை ஆராயப் போன விஞ்ஞானி கிளேட்டனைப் பார்க்க, அவருடைய தம்பி லூக் கீழே இறங்குகிறார். லூக் ஒரு கால்நடை மருத்துவர். சில வருடங்களுக்கு முன் கண்ணாமூச்சி விளையாடிக்கொண்டிருந்தபோது காணாமல் போன மகனுக்குத் தகப்பன்.

இந்த நாவலைப் படித்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். மூச்சு முட்டியது, விளக்கை அணைக்கவே பயமாக இருந்தது என்கிறது ஒரு கட்சி. பழைய நினைவுகளைச் சொல்லிச் சொல்லி இழுக்கிறார், அருவருப்பைப் பயம் என்று நினைத்துவிட்டார், வாயில்லா ஜீவன்களை வதைக்கிறார் என்கிறது மறு கட்சி. இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

முதல் பாதியில் பயமுறுத்துவது எது? பேயா? இல்லை, சுவர். அந்த ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் தரையில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். 1960 ஜனவரி 23ஆம் தேதி ழாக் பிக்கார், டான் வால்ஷ் என்ற இருவர் 'டிரியெஸ்ட்' என்ற கலத்தில் அந்த அகழியின் அடிக்கே போனார்கள். இறங்குவதற்கு மட்டும் ஐந்து மணி நேரம் பிடித்தது. பாதி வழிக்கு மேல் போன பிறகு வெளிப்புறச் சன்னல் தகடு ஒன்று வெடித்து விரிசல் விட்டது. அப்படியும் அவர்கள் திரும்பவில்லை. கட்டர் தன் ஆய்வுக்கூடத்துக்கு அதே கலத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார். சுவர் முனகும் பக்கங்களில் அவர் கை தேர்ந்த கை.

ஆனால் ஜொகூர்க்காரர்களை இந்தக் கதை வேறோர் இடத்தில் தொடுகிறது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, நினைவிருக்கிறதா? சிங்கப்பூரில் வேலை பார்த்த எத்தனை தகப்பன்மார் அந்தப் பக்கமே தங்கிவிட்டார்கள்! நடுவே இருந்தது ஒரே ஒரு பாலம். சிலர் பிள்ளையின் முகத்தைக் கைப்பேசித் திரையில் மட்டுமே பார்த்தார்கள். தரைவழிப் பேருந்து 2021 நவம்பர் 29ஆம் தேதிதான் ஓடத் தொடங்கியது. தடுப்பூசி முழுமையாகப் போட்டவர்களுக்குப் பாலம் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதி. நோய், பூட்டிய அறை, எட்ட முடியாத பிள்ளை என்று இந்த மூன்றையும் 2015லேயே ஒரு மனிதர் எழுதி வைத்திருக்கிறார்.

அதனால்தான் கடைசிப் பகுதி கோபத்தைக் கிளப்புகிறது. மகனைத் தொலைத்தவனின் குற்றவுணர்ச்சியைவிடப் பெரிய பூதம் உண்டா? அதைக் கையில் வைத்துக்கொண்டே, எல்லாம் கடலடித் தீய சக்தியின் ஆட்டம் என்று கை காட்டிவிடுகிறார் கட்டர். அங்கே தகப்பன் சிறுத்துப் போகிறான், பூதமும் சிறுத்துப் போகிறது.

அப்படியானால் படிக்கலாமா? படிக்கலாம். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் மட்டும் சில பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போகலாம். வெள்ளிக்கிழமை மாலை பாலத்து நெரிசலில், சன்னல் திறக்காத பேருந்தில் உட்கார்ந்து மட்டும் படிக்காதீர்கள்!