விடுதலை, திருத்தம், வாரம்

அமெரிக்கச் சரித்திரம் படிக்கும் மாணவர்கள் சில சொற்களின் பொருளை முதலில் தெளிவாக அறிதல் வேண்டும். இன்று மூன்று சொற்களைப் பார்ப்போம்.

முதற்சொல், விடுதலைப் பிரகடனம். உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 ஜனவரி 1-ஆம் நாள் அதிபர் ஆபிரகாம் லிங்கன் இதனை வெளியிட்டார். கிளர்ச்சி செய்த தென்பகுதிகளிலிருந்த அடிமைகளுக்கு மட்டுமே இது பொருந்தியது.

இரண்டாவது, திருத்தம். அரசியல் சட்டத்தில் செய்யப்படும் மாற்றம் இது. 1865 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த 13-ஆம் திருத்தமே நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்தது. ஆனால், குற்றத்துக்குத் தண்டனையாக வேலை வாங்க அது இடம் விட்டது.

மூன்றாவது, வாரம். ஏழு நாள் கொண்ட வாரமன்று; விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிரிடும் முறை. விடுதலை பெற்ற சுமார் 40 இலட்சம் பேரில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலமில்லை. நிலக்காரர் நிலம், குடிசை, விதை, கோவேறு கழுதை கொடுப்பார். குடும்பமே பருத்தி பயிரிடும். பெரும்பாலும் விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. அறுவடை வரை மாவும் துணியும் கடையில் பற்று, வட்டியும் ஏறும். கணக்கை எழுதியவர் கடைக்காரரோ நிலக்காரரோதான். அடிமைக் காலத்தில் எழுத்தறிவு மறுக்கப்பட்ட உழவர் பலருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. பருத்தி விலை சரிந்தால், தம் பங்கும் கடனுக்கே போகும். பாக்கி தீராமல் அந்த நிலத்தை விட்டு நகர்வதும் கடினம்.

ஆகவே மாணவர்களே, பாடத்தில் ‘விடுதலை’ என்று வருமிடத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: நிலம் யாருடையது? கணக்கு யார் கையில்? பெற்றோரும் உடனிருந்து பேசுங்கள்.