காதிலே பாட்டு, கையிலே புத்தகம்

(கற்போர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய பேச்சு ஒரு சின்னக் கருவியைப் பற்றியது. அது சட்டைப் பையில் அடங்கும். சுருக்குப் பையிலும் அடங்கும். பொத்தானை அழுத்தினால் பாடும், பேசும். அதுதான் கையடக்கப் பாட்டுப் பெட்டி. பிளேயர் என்றும் சொல்வார்கள். பலருக்கு அது செல்போனுக்குள்ளேயே இருக்கிறது.

பாட்டுக் கேட்கிற பெட்டியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. முதலில் கண்ணூருக்குப் போய் வருவோம்.

கண்ணூர் கேரளத்தில் இருக்கிறது. பீடித் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே பட்டறையில் பலர் வரிசையாக உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். மடியில் முறம். முறத்தில் இலையும் தூளும். கைக்கு ஓயாத வேலை. ஆனால் காதுக்கு வேலை இல்லை.

அந்தத் தொழிலாளர்கள் ஒரு வழி கண்டார்கள். தங்களில் ஒருவரைப் படிக்கச் சொன்னார்கள். அவர் செய்தித்தாளை உரக்கப் படித்தார். கதைப் புத்தகமும் படித்தார். மற்றவர்கள் பீடி சுற்றிக்கொண்டே கேட்டார்கள். படிக்கிறவருக்குக் கூலி குறையக் கூடாது அல்லவா? அதற்காக மற்றவர்கள் தாங்கள் சுற்றிய பீடியில் அவருக்குப் பங்கு கொடுத்தார்கள்.

1969-இல் அங்கே தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. அந்தப் பட்டறைகளிலும் இந்தப் பழக்கம் தொடர்ந்தது. படித்து முடித்ததும் பேச்சு நடக்கும். வாதம் நடக்கும். எழுத்துத் தெரியாதவரும் உலக நடப்பைப் பேசினார்.

இப்போது அந்தப் படிப்பாளி பைக்குள்ளேயே வந்துவிட்டார். அவர்தான் இந்தச் சின்னப் பெட்டி.

இது ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1963-இல் கேசட் வந்தது. 1979-இல் ஜப்பானில் வாக்மேன் விற்பனைக்கு வந்தது. இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்தபடியே கேட்கலாம். பிறகு நாடா போய், எம்.பி.3 என்ற முறை வந்தது. அது ஒலியைச் சுருக்கி வைக்கும் முறை. விரல் நகம் அளவு மெமரி கார்டில் ஒரு ஜி.பி. இடம் இருந்தால் போதும். ஏறக்குறைய பதினாறு மணி நேரம் கேட்கிற அளவுக்குப் பதிந்து வைக்கலாம்.

பதினாறு மணி நேரமும் பாட்டுத்தானா? பாட்டும் வேண்டும். உழைத்துக் களைத்த மனதுக்குப் பாட்டு மருந்து. ஆனால் மருந்து மட்டுமே சாப்பாடு ஆகாது. விவசாயப் பேச்சு, குழந்தை வளர்ப்பு, கதை, நாடகம் என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. களை எடுக்கும்போது கேட்கலாம். தைக்கும்போது கேட்கலாம். சமைக்கும்போதும் கேட்கலாம்.

வானொலியில் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான். காதில் விழாவிட்டால் போயிற்று. பெட்டியில் அப்படி இல்லை. பத்து முறை திரும்பக் கேட்டாலும் அது சலிக்காது. 'எத்தனை முறை சொல்வது?' என்று திட்டாது. இப்படிப்பட்ட ஆசிரியர் யாருக்குக் கிடைப்பார்?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

இந்தக் கூட்டத்தில் பலர் வயது வந்த பிறகு எழுத்துக் கற்றவர்கள். பகலெல்லாம் உழைத்து, இரவில் விளக்கடியில் உட்கார்ந்து கற்றவர்கள். அந்த எழுத்து அரும்பாடுபட்டுச் சேர்த்த சொத்து. ஆனால் தீட்டாத அரிவாள் துருப்பிடிக்கும். படிக்காத எழுத்தும் மறந்துபோகும். எல்லாவற்றையும் காதாலேயே கேட்டுவிட்டால் கண்ணுக்கு வேலை ஏது? பாட்டுப் பெட்டி எழுத்துக்குப் பகையாகிவிடலாம். அதை எப்படித் துணையாக்குவது?

அதற்கும் நம் நாட்டிலேயே வழி கண்டிருக்கிறார்கள். 1996-இல் பிரிஜ் கோத்தாரி என்ற ஆய்வாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. தொலைக்காட்சியில் சினிமாப் பாட்டு வருகிறது. அந்தப் பாட்டின் வரிகளை அதே மொழியில் திரையின் கீழே காட்டினால் என்ன? 1999-இல் குஜராத்திப் பாட்டு நிகழ்ச்சியில் அப்படிக் காட்டினார்கள். 2002-இல் இந்திப் பாட்டு நிகழ்ச்சியான சித்ரஹாரிலும் காட்டினார்கள். பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்த சொல் வாயில் தயாராக இருக்கிறது. கண் அந்தச் சொல்லைத் தேடிப் பிடிக்கிறது. பாட்டை ரசிக்கும்போதே படிப்பும் வளர்கிறது. இது படிப்புக்கு உதவுகிறது என்று ஆய்வுகளிலும் தெரிந்தது.

இதையே வீட்டில் செய்யலாம். ஐந்து படிகள்தான்.

ஒன்று: நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றை எடுங்கள்.

இரண்டு: அதன் வரிகள் அச்சான பாட்டுப் புத்தகத்தை எதிரில் வையுங்கள். புத்தகம் இல்லையா? பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மூன்று: பாட்டைப் போடுங்கள். சொல்லுக்குச் சொல் விரலை நகர்த்துங்கள்.

நான்கு: விரல் பின்தங்கினால் பெட்டியை நிறுத்துங்கள். திரும்பவும் போடுங்கள்.

ஐந்து: கடைசியில் பெட்டியை அணைத்துவிட்டு, வரிகளை நீங்களே படியுங்கள்.

தினமும் கால்மணி நேரம் போதும். பாட்டு பழகிய பிறகு கதைக்குப் போகலாம். வீட்டில் யாராவது ஒரு பாடத்தைப் படிக்கட்டும். அதைப் பெட்டியில் பதிந்துகொள்ளுங்கள். பல பெட்டிகளிலும் செல்போன்களிலும் குரலைப் பதியும் வசதி உண்டு. பிறகு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே அதைக் கேளுங்கள்.

பதியும் வசதிக்கு இன்னொரு பயனும் உண்டு. வீட்டில் வயதான பாட்டி இருப்பார். அவருக்குத் தாலாட்டுத் தெரியும், நடவுப் பாட்டுத் தெரியும். எந்த இலை எந்த நோவுக்கு என்றும் சொல்வார். அவருக்குப் பின் அந்தக் குரல் எங்கே கிடைக்கும்? அவரிடம் கேட்டுப் பதிந்து வையுங்கள். ஒரு நோட்டில் அவர் பெயரும், ஊரும், தேதியும் எழுதுங்கள். எழுதத் தெரிந்த கைக்கு இதைவிட நல்ல வேலை வேண்டுமா?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. எனவே சில எச்சரிக்கைகள்.

காதுக்குள்ளே நுண்ணிய மயிர்ச் செல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒலியை மூளைக்கு அனுப்புபவை அவைதான். நாற்று ஒருமுறை மிதிபட்டால் நிமிர்ந்துவிடும். மிதித்துக்கொண்டே இருந்தால் செத்துப்போகும். மயிர்ச் செல்களும் அப்படித்தான். செத்த செல் மறுபடி முளைக்காது. போன காது திரும்பாது. சத்தத்தைப் பாதிக்குச் சற்று மேல், அதாவது நூற்றுக்கு அறுபதுக்குள் வையுங்கள். அவ்வப்போது இயர்போனைக் கழற்றிக் காதுக்கு ஓய்வு கொடுங்கள். பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை என்றால் சத்தம் அதிகம் என்று பொருள். காதில் இரைச்சல் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சாலையில் நடக்கும்போது இயர்போன் வேண்டாம். வண்டி ஓட்டும்போது வேண்டவே வேண்டாம். ரயில் பாதை அருகில் காது திறந்திருக்க வேண்டும். பின்னால் வரும் ரயிலைக் கண் பார்க்காது. காதுதான் சொல்லும். பாட்டு பிறகும் கிடைக்கும். உயிர் கிடைக்குமா?

பெட்டி சொல்வதெல்லாம் உண்மை என்று நம்பிவிடாதீர்கள். பேசுகிறவர் யார்? எப்போது பதிந்தது? விதையின் பெயரும் மருந்தின் அளவும் மாறியிருக்கலாம். எனவே விசாரித்துக்கொள்ளுங்கள். மருந்து டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். படிக்கத்தான் தெரியுமே!

கடைசியாக ஒன்று. இயர்போன் மாட்டினால் ஆள் தனியாகிவிடுகிறார். கண்ணூர்ப் பட்டறையில் யாரும் தனியாகக் கேட்கவில்லை. சேர்ந்து கேட்டார்கள். கேட்டதைப் பேசினார்கள். வாரத்தில் ஒருநாள் நீங்களும் பெட்டியை நடுவில் வையுங்கள். இயர்போனைக் கழற்றிவிட்டு எல்லோரும் கேளுங்கள். கேட்டதைப் பேசுங்கள். பேசியதில் நான்கு வரி எழுதுங்கள். எழுதியதை ஒருவர் எழுந்து உரக்கப் படிக்கட்டும்.

அன்று பட்டறைக்கு ஒருவர்தான் படித்தார். இன்று இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் படிக்கலாம். அந்த எழுத்தைத் துருப்பிடிக்க விடாதீர்கள்.

காதிலே பாட்டு இருக்கட்டும். கையிலே புத்தகமும் இருக்கட்டும்.